நாற்பத்தேழாம் இதழ்

“பிரிச்சுப் பார்த்தாத்தான் டீச்சர் தெரியும், உள்ள எவ்வளவு துணி விட்டிருக்காங்கன்னு. மேலாப்புல பார்த்து நான் எப்படிச் சொல்றது?” கீழே தையல் கடையில் பர்வீன் அக்கா யாரிடமோ சொல்கிறார். “பிரிச்சப்புறம் துணி இல்லன்னா?” “இல்லன்னா பழையபடி தைச்சுத் தந்துட்டுப் போறேன். ஆபரேசனா பண்றோம், ஜாக்கெட்டுதானே?” டீச்சர் சிரிக்கிறார். மிஷின் மறுபடி ஓடத் தொடங்குகிறது. எங்கள் வீடு அந்தக் கடைக்கு மேல்மாடி, ஜன்னலைத் திறந்தால் விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்துச் சத்தமெல்லாம் இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூடினால் வெக்கை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை. அப்பாவுக்கு ரசம் சாதம் ஊட்டி, வாய் துடைத்து, மாத்திரை கொடுத்து, வலது கைக்கு அடியில் தலையணை வைத்துவிட்டு வந்தேன். நான்கு மணிவரை தூங்குவார். இந்த ஒன்றரை மணி நேரம் என்னுடையது. வாரம் முழுக்க இதை நினைத்துக்கொண்டிருப்பேன், வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் புத்தக ரேக்குக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிடுவேன். இன்றும் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் அந்தப் பழைய காமிக்ஸ் தொகுப்பு. கட்டைவிரல் ஒரு தாளில் நின்றுபோயிருக்கிறது, எடுக்க முடியவில்லை. அந்தத் தாள் மற்றத் தாள்களைவிடக் கனமாக இருக்கிறது.

கனம்தான், வேறொன்றுமில்லை, பழைய தாள் ஈரம் குடித்து உப்பியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஐப்பசி மாதம், சுவரே உப்பியிருக்கிறது. ஆனால் ஈரம் குடித்தால் பத்துத் தாளும் குடிக்க வேண்டும். இது ஒரு தாள் மட்டும். இத்தனை வருடத்தில் இதை எத்தனை முறை புரட்டியிருப்பேன், எப்படித் தெரியாமல் போயிற்று? கதை படிக்கிறவர்கள் தாளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இன்று படிக்கவில்லை, தூசி தட்டினேன், ஒவ்வொரு தாளாக ஓரத்தில் பிரஷ் வைத்து. அதனால்தான். தூசி தட்டாமலே இருந்திருக்கலாம். அம்மா இருந்தால் தட்டியிருக்கமாட்டேன். அம்மா அக்காவின் பிரசவத்துக்கு ஓசூர் போய் ஐம்பது நாளாகிறது. ஃபோனில் தினமும் கேட்கிறாள், அப்பா சாப்பிட்டாரா, வெளிக்குப் போனாரா, நீ அந்தப் பொம்மைப் புத்தகத்தையெல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டாயா, குழந்தையோடு அக்கா வந்தால் தொட்டில் எங்கே கட்டுவது. போடுகிறேன் அம்மா. அறுநூற்றுப் பன்னிரண்டு பொம்மைப் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் எண், எண்ணுக்கு நோட்டில் ஒரு வரி. எந்த மாதம், எந்த ஊரில் அச்சு, வெளிநாட்டுப் படமா, உள்ளூர்க் கையா, பேச்சுக் குமிழுக்குள் எழுதியவர் யார். எழுதியவர் பெயரை எந்த இதழும் போட்டதில்லை. ஆனால் எழுத்து காட்டிக்கொடுக்கும். ஒருவர் ‘ழ’வின், ‘ரு’வின் வாலை அடுத்த எழுத்துக்குக் கீழேவரை இழுப்பார், அவருக்கு நோட்டில் ‘வால்காரர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். எண்பத்து மூன்றாம் வருடக் கடைசியில் வால் குட்டையாகிறது. வயதானதா, சம்பளம் குறைந்ததா, கை வலியா. இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டும். உலகத்துச் சித்திரக்கதை வரலாறு என்று ஆங்கிலத்தில் இரண்டு தடிப் புத்தகம் வாங்கினேன், இரண்டிலும் நம்மைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஜன்னலை நோக்கித் தொகுப்பைத் தூக்கி அந்த ஒரு தாளை மட்டும் வெளிச்சத்தில் பிடிக்கிறேன். மூன்றாவது முறை. முன்பக்கம் மாலுமி லூக்காஸ் படகைத் தள்ளுகிறார், பின்பக்கம் மாலுமி லூக்காஸ் தீவில் கால் வைக்கிறார். நடுவில், இரண்டுக்கும் ஊடே, வேறு எழுத்துகள். கதைக்கு உரியவை அல்ல. ஒரு பெரிய கொட்டை எழுத்து வரிசை, இடவலம் மாறித் தெரிகிறது, அதற்கு மேல் பொடி எழுத்துகள் நிறைய, எறும்பு வரிசைபோல. இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. சந்தேகமே இல்லை. நாற்பத்தாறாம் இதழின் கடைசித் தாளும், இன்னொன்றின் முதல் தாளும். இன்னொன்று என்று ஏன் சொல்கிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறதா. நாற்பத்தேழு. வரவே இல்லை என்று நான் எழுதிய நாற்பத்தேழு.

என் கட்டுரையில் எவ்வளவு அழகாக எழுதினேன். ‘கலங்கரை காமிக்ஸின் 46ஆம் இதழ், உப்புத்தீவுக் கைதி, நூற்றிருபது பக்க இரட்டை இதழாக வெளிவந்தது. தீபாவளிக்கு இரட்டை இதழ் போட்டு, அதற்கு இரண்டு எண்களைக் கணக்கு வைப்பது அக்காலப் பதிப்பகங்களின் வழக்கம். எனவே 47 என்று தனி இதழ் கிடையாது. அடுத்து வந்தது 48.’ எனவே. அந்த எனவேயில் எனக்கு என்ன பெருமை. ஆதாரமாக இந்தத் தொகுப்பைத்தான் படம் எடுத்துப் போட்டேன். கதை தொடங்கி முடிகிறவரை எங்கும் அறுபடாமல் ஓடுகிறது பாருங்கள் என்று. அட்டை இல்லை, ஏனென்றால் தைக்கும்போது அட்டையைக் கழற்றிவிடுவார்கள், ஊசி இறங்காது. பக்க எண்ணும் இல்லை, ஏனென்றால் ஓரம் சமமாக வர பிளேடால் சீவியதில் எண்கள் போய்விட்டன. பழைய காமிக்ஸ் சேகரிக்கிறவர்களின் வாட்ஸாப் குழுவில் யாரிடமும் நாற்பத்தாறு முழுசாக இல்லை. நாகர்கோவில் ஜெபராஜ் அண்ணனிடம் ஒன்று உண்டு, கடைசிப் பத்துப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் என் படம்தான் தீர்ப்பு. ‘தம்பி கலக்கிட்டீங்க’ என்று நூற்றுக்கணக்கில் கைதட்டல். குழுவில் எல்லாருக்கும் நான் தம்பி. டி.எம்.ஏ. என்று பெயர், முகத்துக்குப் பதிலாக ஒரு நங்கூரம். டி என்றால் அப்பா தெய்வசிகாமணி, எம்.ஏ. என்றால் மங்கையர்க்கரசி, அவர் மகள் என்று மூன்று எழுத்தை விரித்துச் சொல்ல நான்கு வருடமாக வாய்ப்பு வரவில்லை. வரவில்லை என்ன, வந்தபோதெல்லாம் விட்டேன். தம்பியாக இருப்பது சௌகரியமாக இருந்தது. யாரும் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதில்லை, நள்ளிரவில் ஹாய் போடுவதில்லை.

சேத்தியாத்தோப்பு பூவராகன் ஐயா மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். எழுத்துப் பிழையோடு, நிறுத்தக்குறி இல்லாமல், நீளமாக எழுதுவார். ‘தம்பி 47 வந்தது நான் படித்தேன் அட்டையில் படகு தீப்பிடித்து எரியும் வானம் சிவப்பு என் கடிதம் அதில் வந்தது வாசகர் கடிதம் பகுதியில் ஏழாம் வகுப்பு படிக்கும்போது’ என்று. ஜெபராஜ் அண்ணன், ‘ஐயாவுக்குக் கனவுல வந்த இதழ் போல, ஐஎஸ்பிஎன் நம்பர் கேளுங்கப்பா’ என்று போட்டார். ஒருவர் தூங்கும் பூனை படம் போட்டார். இன்னொருவர் கொட்டாவி விடும் குழந்தை. நான் சிரிக்கவில்லை. அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பிடிக்கிறது, சிரிக்கவில்லை என்று. ஆனால் மரியாதையாக, பொறுமையாக, எண்போட்டு, ஐயா தவறாக நினைவு வைத்திருக்கக்கூடும் என்று விளக்கினேன். பூனை படத்தைவிட அது மோசம். அதற்கு அவர் எழுதிய பதிலை மனப்பாடமாக வைத்திருக்கிறேன், வேண்டாமென்றாலும் வருகிறது. ‘என் பேர் அச்சில் வந்தது அது ஒன்றுதான் தம்பி என்ன கேட்டு எழுதினேன் என்பது மறந்துவிட்டது ஆசிரியர் பதில் போட்டார் அதுவும் மறந்துவிட்டது அது என்ன என்று பார்க்கத்தான் இதில் சேர்ந்தேன் பரவாயில்லை.’ பிறகு ஒரு சாம்பல் வரி. பூவராகன் வெளியேறினார். பத்தொன்பது நாளாகிறது. அந்தப் பரவாயில்லை இருக்கிறதே, அதை அப்பா சொல்வது மாதிரியே எனக்குக் கேட்கிறது. படுக்கையை நனைத்துவிட்டால் அப்பா அப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வார், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே.

களைப்பாக இருக்கிறது. தூங்கினால் நன்றாக இருக்கும். தூங்கி எழுந்தால் இந்தத் தாள் பழையபடி ஒரு தாளாக இருக்கும். தொகுப்பை மூடி ரேக்கில் வைத்தால் யாருக்குத் தெரியும்? ஜெபராஜ் அண்ணன் காலையில் அனுப்பியிருக்கிறார். ‘தம்பி, கலங்கரை வரலாறு புத்தகம் நாளைக்கு பிரஸ்ஸுக்குப் போகுது. உங்க கட்டுரைதான் முதல்ல. திருத்தம் இருந்தா இன்னிக்கு ராத்திரிக்குள்ள.’ கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று போட்டுவிட்டேன். அது பத்து மணிக்கு. இப்போது இரண்டே முக்கால், இல்லை, மூன்று. அச்சில் என் பெயரும் வரப்போகிறது. டி.எம்.ஏ. எனக்கும் அது முதல்தான். நாள் முழுக்கக் கைடு கம்பெனிக்குப் பிழை திருத்துகிறேன், பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் ஆயிரம் பிழை பிடித்திருப்பேன், ஒரு பக்கத்திலும் என் பெயர் வந்ததில்லை. பிழை பிடிக்கிறவள். பிடித்ததைச் சொல்லாமல் விட்டால் அதற்குப் பெயர் என்ன.

ஆனால் பிரித்தால் கிழியும். அதுதான் நிஜமான பயம் என்று நினைக்கிறேன், அல்லது அதை நிஜமான பயமாக வைத்துக்கொண்டால் மற்றதை யோசிக்க வேண்டியதில்லை. நாற்பது வருடத் தாள், அப்பளம்போல உடையும். இது அப்பா தைத்தது. கோணி ஊசியும் தபால் பை கட்டும் சணலும் வைத்து. எனக்கு எட்டு வயதில் அம்மை போட்டிருந்தது. அப்பா ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டர், ஓடும் ரயிலில் தபால் பிரிக்கிற வேலை. எங்கிருந்தோ ஒரு பழைய வாடகை நூல்நிலையத்துக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார், கலங்கரை காமிக்ஸ், பழுப்பு அட்டை போட்டது, லூக்காஸின் நெற்றியிலெல்லாம் நூல்நிலைய ரப்பர் ஸ்டாம்ப். வேப்பிலைக்கு நடுவில் நான் படுத்திருக்க, எட்டி உட்கார்ந்து படித்துக் காட்டுவார். சுறாவுக்கு ஒரு குரல், கொள்ளைக்காரனுக்கு ஒரு குரல், லூக்காஸுக்கு மட்டும் அவருடைய சொந்தக் குரல். லூக்காஸ் இடது கைக்காரர் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, வெளிநாட்டுப் படத்தைத் திருப்பிப்போட்டு அச்சடித்ததால் எல்லாரும் இடது கையால் சுடுகிறார்கள், இடது கையால் சாப்பிடுகிறார்கள், இதயம்கூட வலது பக்கம். மாசி மாதத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி முதல்முதலாக இடது கையால் டம்ளரைப் பிடித்தபோது எனக்கு அதுதான் தோன்றியது, யாரோ அப்பாவைத் திருப்பி அச்சடித்துவிட்டார்கள் என்று. அம்மா அழுதுகொண்டிருந்தாள். நான் இதை நினைத்தேன். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிப்பட்ட பெண் நான்.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளில் தொகுப்பு தயாராக இருந்தது. நாற்பது முதல் ஐம்பதுவரை. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, மைதாப் பசையின் வாசனை, சிறிது புளித்து. பசை எதற்கு? சணலால் தைத்ததற்குப் பசை எதற்கு என்று நான் இதுவரை கேட்டுக்கொண்டதில்லை. நாற்பது முதல் ஐம்பது என்றால் பதினொன்று. பத்துக் கதைதான் இருக்கிறது. இரட்டை இதழ் என்று நானே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் போட்டு நிரப்பினேன். அப்பாவிடம் கேட்டிருக்கலாம். பக்கத்து அறை. பதினான்கு அடி. கட்டுரை எழுதியபோது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை, ஏனென்றால் அப்பா பேச முயன்றால் வாய் ஒருபக்கம் இழுத்து எச்சில் வழிகிறது, அவருக்கு வெட்கம், எனக்கு அவருடைய வெட்கத்தைப் பார்க்க வெட்கம், அதனால் இருவரும் ம், ம்ஹூம், போதும், தண்ணீர் என்ற நான்கு சொற்களில் குடும்பம் நடத்துகிறோம். மங்கையர்க்கரசிக்குக் குரல் எங்கே என்று காலேஜில் கேட்பார்கள். வைவாவில் நான் சொன்ன பதில் மேஜைக்கு அந்தப் பக்கம் போகவில்லை என்று எக்ஸ்டர்னல் மார்க்கைக் குறைத்தார். பூவராகன் ஐயாவின் நம்பர் அவருடைய பழைய செய்திக்கு மேல் இன்னும் இருக்கிறது. தட்டச்சு செய்து அனுப்பிவிடலாம். ‘ஐயா, ஒரு திருத்தம்.’ இல்லை. நங்கூரப் படத்திலிருந்து இன்னொரு எண்போட்ட விளக்கம் அவருக்கு வேண்டுமா? கீழே டீச்சர் போய்விட்டார்போல. பர்வீன் அக்கா மிஷினை நிறுத்திவிட்டு யாரையோ திட்டுகிறார், பொத்தானைத் தின்ற ஆட்டை.

டம்ளரில் ஸ்பூனால் தட்டும் சத்தம். அப்பா விழித்துவிட்டார். அதுதான் எங்கள் காலிங் பெல். நான்கு அடிக்கவில்லை, மூன்று நாற்பதுதான், என்னுடைய ஒன்றரை மணி நேரத்தில் இருபது நிமிடம் போயிற்று என்று கோபம் வருகிறது. கோபம் வந்ததற்காக உடனே களைப்பு வருகிறது. எழுந்து போகிறேன். தலையணையைச் சரிசெய்து, முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரவைக்கிறேன். டீ போடத் திரும்பும்போதுதான் கவனிக்கிறேன், தொகுப்பு என் கையிலேயே இருக்கிறது, விரல் அந்தத் தாளிலேயே இருக்கிறது. அப்பா அதைப் பார்க்கிறார். முகத்தில் பாதி சிரிக்கிறது.

“என்னடி... அது... இன்னும் வச்சிருக்க.”

“நாற்பது டு ஐம்பதுப்பா. இந்தத் தாள்... இது ரெண்டு தாள்.”

“ம்.”

“நீங்களா ஒட்டுனீங்க?”

“ம்.”

“ஏம்பா?”

எச்சில் வழிகிறது. நான் துண்டை எடுக்கப் போகிறேன், இடது கையால் தடுத்துத் தானே துடைத்துக்கொள்கிறார். சொல்லைத் தேடுகிறார். பைகளுக்குள் கைவிட்டுக் கவர் தேடுவதுபோல இருக்கிறது. நான் எடுத்துக்கொடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறேன்.

“தொடரும்... னு... போட்டிருப்பான். அதப் படிச்சா... நீ அழுவ.”

“அதுக்காகவா?”

“அங்கதான்... மூடிட்டு... டூட்டிக்குப் போவேன். ரெண்டு நாள்... ஆவும் வர.” மூச்சு வாங்குகிறார். “அது இல்லன்னா... அழ மாட்டன்னு.”

அழுதேனா? அழுதிருப்பேன். எனக்கு நினைவில்லை. தொடரும் என்ற சொல்லைப் பார்த்தால் இன்றும் தாளை அவசரமாகப் புரட்டிவிடுகிறேன், அது எதனால் என்று எனக்குத் தெரியாது, கதை நின்றுவிட்ட ஏமாற்றம் என்று நினைத்திருந்தேன். செருப்புச் சத்தமாக இருந்திருக்கிறது. காக்கிச் சட்டையும் தூக்கு வாளியுமாகப் படியிறங்கும் சத்தம். அதை மைதாவைக் காய்ச்சி ஒட்டி மறைத்துவிட்டு, ஒட்டியபிறகும் டூட்டிக்குப் போனார். நான் அந்த ஒட்டுக்கு மேலே நின்றுகொண்டு இன்னொருவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று எண்போட்டு விளக்கினேன். இப்போது இதை எங்கே உட்கார்ந்து யோசிப்பது? யோசிக்க வேண்டாம். சொல்கிறேன். பூவராகன் ஐயாவைப் பற்றி, கடிதம் பற்றி, பூனை படம் பற்றி, நாளைக்கு அச்சுக்குப் போவது பற்றி. ஒரே மூச்சில் அப்பாவிடம் இத்தனை சொற்கள் பேசி எத்தனை மாதம் இருக்கும். இதைப் பிரித்தால் கிழிந்துவிடும் அப்பா என்று முடிக்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருக்கிறார்.

“வெந்நி... வை.”

“டீயா?”

“வெந்நி. ஆவி... வரணும்.” பாதிச் சிரிப்பு மறுபடி. “சர்வீஸ்ல... ஒரு கவர்கூட... பிரிச்சதில்ல. எப்படிப் பிரிக்கறதுன்னு... எல்லாவனுக்கும் தெரியும்.”

குண்டானில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து முக்காலியில் வைக்கிறேன். தொகுப்பை நான் பிடித்துக்கொள்கிறேன், அந்த ஒரு தாள் மட்டும் ஆவிமேல் தொங்குகிறது. என் கை சுடுகிறது. அப்பா இடது கையை நீட்டி, நகத்தை ஓரத்தில் கொடுத்து, அவசரமில்லாமல், ஒரு நூல் அகலம், பிறகு இன்னொரு நூல் அகலம் என்று பிரிக்கிறார். புளித்த வாசனை லேசாக எழுகிறது. ஒரு மூலையில் தாள் கிழியப் பார்க்கிறது. “ஊதாத,” என்கிறார், நான் மூச்சை நிறுத்துகிறேன். ரயில் ஒன்று போய் முடிகிறது. முதலில் தெரிவது கொட்டை எழுத்து. தொடரும். ‘ரு’வுக்கு அடியில் வால்காரரின் இழுப்பு. அதற்கு எதிர்ப்பக்கம் பசைக் கறை படிந்து, ஈரத்தில் பளபளத்து, கலங்கரை விளக்குப் படம், இதழ் 47, அதற்குக் கீழே வாசகர் கடிதம். பொடி எழுத்து. மூன்றாவது கடிதத்தின் அடியில் பூவராகன் என்ற பெயர், அதற்கும் கீழே ஆசிரியர் பதில். அப்பா விரலை அதன்மேல் வைக்கிறார், வைத்துவிட்டு ஃபோனைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார்.

“எழுதி அனுப்பிடறேம்பா.”

“ம்ஹூம்.”

“எனக்குப் பேச வராதுப்பா.”

“எனக்கு... மட்டும்?”

நம்பரைத் தொடுகிறேன். மணி அடிக்கிறது. ஐந்தாவது மணியில் ஓர் ஆண் குரல், பின்னால் டிவி. “அலோ, யாரும்மா?” என்னுடையதோ, மேஜைக்கு அந்தப் பக்கம் போகாத குரல். அப்பா புத்தகத்தை என் பக்கம் திருப்பி, இடது கையால் பிடித்துக்கொள்கிறார்.

“ஐயா, விழுப்புரத்துலேர்ந்து மங்கையர்க்கரசி பேசறேன். குழுவுல டி.எம்.ஏ.ன்னு இருக்கறது நாந்தான். நாற்பத்தேழு வந்திருக்குங்க ஐயா. எங்க வீட்லதான் இருந்திருக்கு, நாந்தான் பார்க்கல. நீங்க சொன்னதுதான் சரி.”

டிவி சத்தம் நிற்கிறது.

“உங்க கடிதம் இருக்கு. படிக்கட்டுங்களா?”

“படிம்மா,” என்கிறார்.

படிக்கிறேன். “ஆசிரியர் மாமாவுக்கு வணக்கம். சென்ற இதழில் மாலுமி லூக்காஸ் தண்ணீருக்குள் இருநூறு எண்ணும்வரை மூச்சை அடக்கினார். நான் எங்கள் ஊர் வாய்க்காலில் முங்கிப் பார்த்தேன். நாற்பதுவரைதான் எண்ண முடிந்தது. அவர் வேகமாக எண்ணினாரா, மெதுவாக எண்ணினாரா? தெரிவிக்கவும். ஆ. பூவராகன், ஏழாம் வகுப்பு, சேத்தியாத்தோப்பு.”